முகாம் மெத்தையை முதலில் தூக்கிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், தன்முனைப்பு முகாம், சமய முகாம், தமிழ்மொழி முகாம், எஸ்பிஎம் மாணவர்களுக்கான தேர்வு முகாம் என்று உங்கள் நாளிதழில் தினமும் ஓர் அறிவிப்பாவது வருகிறது. நல்ல விஷயம்தான். என் இரண்டு பிள்ளைகளும் இப்படிப்பட்ட முகாம்களுக்குப் போய் வந்தவர்கள். தேவாரம் பாடவும், நாலு பேர் முன்னால் நின்று கூச்சமில்லாமல் பேசவும் அங்கேதான் கற்றுக்கொண்டார்கள். ஆனால் ஒரு குறை. பயிற்றுநர் யார், கட்டணம் எவ்வளவு, சட்டை தருவார்களா, சைவச் சாப்பாடா என்பதெல்லாம் அந்த அறிவிப்பில் இருக்கும். பிள்ளைகள் இரவில் எதன் மேல் படுக்கப் போகிறார்கள் என்பது மட்டும் இருக்காது. நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான். இன்னும் நேராகச் சொன்னால், மூட்டைப்பூச்சியைப் பற்றி.

நான் பினாங்கு ஜெலுத்தோங்கில் டோபிக் கடை நடத்துகிறேன். காசு போட்டு நீங்களே துவைத்துக்கொள்ளும் மெஷின்களும் உண்டு, துணியை விட்டுப் போனால் துவைத்து மடித்தும் கொடுப்போம். ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் பிறகு முகாமிலிருந்து வந்த பைகள் கடைக்கு வரும். சில அம்மாக்கள் பையைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, "அக்கா, பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பா இருக்கு. பையில ஏதோ ஊருது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்பார்கள். முகத்தில் அவ்வளவு வெட்கம். ஏதோ அவர்கள் வீட்டுக் குப்பையைப் பிடித்துவிட்டதைப் போல.

இதே வெட்கம் ஏற்பாட்டாளர்களுக்கும் இருக்கிறது. அவர்கள் வாய் திறப்பதில்லை, பெற்றோரும் திறப்பதில்லை. நடுவில் பூச்சி மட்டும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

முதலில் இந்த வெட்கத்தை விட வேண்டும். மூட்டைப்பூச்சி அழுக்கைத் தேடி வருவதில்லை. அதற்கு வேண்டியது இரத்தம். நாம் மூச்சு விடும் காற்றையும் உடம்புச் சூட்டையும் வைத்துத்தான் நம்மைக் கண்டுபிடிக்கிறது. தினமும் இரண்டு வேளை பெருக்கித் துடைக்கும் வீட்டிலும் இருக்கும், பெரிய ஹோட்டலிலும் இருக்கும். 2023இல் பாரிஸ் நகரமே மூட்டைப்பூச்சியால் அல்லோலகல்லோலப்பட்டது. ரயிலிலும் சினிமா அரங்கிலும் உட்காரவே மக்கள் பயந்தார்கள். பாரிஸ்காரர்களுக்கு வராத அவமானம் நமக்கு எதற்கு?

ஒரு முகாமில் நடந்ததைச் சொல்கிறேன். நடத்தியவர்கள் யார் என்று எழுத விருப்பமில்லை. நல்ல எண்ணத்தோடு நடத்துகிறவர்கள்தான். என் மகளும் அதில் இருந்தாள். இரண்டாம் நாள் காலையில் சில பெண் பிள்ளைகளின் கையிலும் கழுத்திலும் வரிசையாகச் சிவந்த தடிப்புகள். "கொசுதான், ஒன்றும் ஆகாது" என்று சொல்லித் தைலம் தடவிவிட்டிருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் மற்றவர்களைவிட அதிகம் வீங்கியிருந்தது. பொறுப்பாளர் ஒருவர் அவளிடம், "உன் வீட்டில் பூச்சி இருக்கிறதா? நீதான் கொண்டு வந்தாயா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டிருக்கிறார். அன்றிரவு அவளைத் தனியாக, சாமான் அறைப் பக்கம் படுக்க வைத்தார்கள். பத்து வயசுப் பிள்ளை. மற்ற பிள்ளைகள் அவளோடு சாப்பிடவும் உட்காரவில்லையாம். என் மகள் இதைச் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது.

அந்தப் பொறுப்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மூட்டைப்பூச்சி கடித்தால் எல்லார் தோலும் ஒரே மாதிரி காட்டாது. ஒரே மெத்தையில் படுத்த இரண்டு பேரில் ஒருவருக்குப் பெரிதாக வீங்கும், இன்னொருவருக்கு ஒரு புள்ளிகூட இருக்காது. சிலருக்குத் தடிப்பு வெளியே தெரிய பல நாள், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். அதனால் அதிகம் வீங்கிய பிள்ளைதான் பூச்சியைக் கொண்டு வந்தது என்று சொல்லவே முடியாது. அந்தப் பிள்ளை செய்த ஒரே காரியம், அந்த அறையில் பூச்சி இருக்கிறது என்று தன் உடம்பால் எல்லாருக்கும் காட்டியதுதான். அதற்கு அவளுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

கடியை மட்டும் பார்த்து இது கொசுவா மூட்டைப்பூச்சியா என்று டாக்டரால்கூட உறுதியாகச் சொல்ல முடியாது. பூச்சியையோ அதன் தடயத்தையோ கண்டுபிடித்தால்தான் உண்டு. ஆகவே வாதாடிக்கொண்டிருக்காமல் மெத்தையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் அழுது, சொறிந்த பிறகு பார்ப்பதைவிட, பஸ் வந்து சேரும் முன்னே பார்ப்பது நல்லது. இரண்டு பெரியவர்கள் கையில் டார்ச் லைட்டோடு கொஞ்சம் முன்னதாகப் போனால் போதும்.

எங்கே பார்ப்பது? மெத்தையின் ஓரத் தையலில், மூலையில், கம்பெனி லேபிளுக்கு அடியில். மெத்தையைத் தூக்கினால் அடியில் இருக்கும் பலகையின் இடுக்கில். முகாம்களில் பெரும்பாலும் இரும்பு டபுள் டெக்கர் கட்டில்தான்; அதில் போல்ட் போடும் ஓட்டை, குழாயின் திறந்த வாய், பலகை இரும்போடு சேரும் இடம். அப்புறம் கட்டில் ஒட்டியிருக்கும் சுவரின் வெடிப்பு, திரைச்சீலையின் மடிப்பு. வளர்ந்த பூச்சி 5 மில்லிமீட்டர் சொச்சம் இருக்கும், தட்டையாக, செங்கல் நிறத்தில். அதைக் கண்ணால் பார்த்துவிடலாம். குஞ்சு வெளிறி இருக்கும், முட்டை 1 மில்லிமீட்டர்தான், வெள்ளையாக இருக்கும். இவை சுலபமாகத் தப்பிவிடும். அதனால் பூச்சியைத் தேடுவதைவிடத் தடயத்தைத் தேடுங்கள். பேனா மை ஒற்றியது மாதிரிக் கறுப்புப் புள்ளிகள், உரித்துப் போட்ட தோல், விரிப்பில் சிறு இரத்தக் கறை. நிறைய இருந்தால் ஒரு மாதிரி புளித்த வாடையும் வரும். பழைய சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த வாடை தெரியும்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பல முகாம்களில் கட்டிலே கிடையாது. மண்டபத்தில் தோத்தோ, அதாவது சுருட்டி வைக்கும் மெல்லிய மெத்தை, விரித்துப் படுக்க வைப்பார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் எல்லாத் தோத்தோவையும் சுருட்டி, ஸ்டோரில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிப் பூட்டிவிடுவார்கள். அடுத்த விடுமுறைக்குத்தான் திறப்பார்கள். மூட்டைப்பூச்சிக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. இருட்டு, இடுக்கு, தொந்தரவு செய்ய ஆள் இல்லை. சாப்பாடு இல்லாமல் பல வாரம், சில சமயம் மாதக்கணக்கிலும் தாங்கும். ஒரு தோத்தோவில் இருந்தது, ஸ்டோரில் அடுக்கி வைத்த காலத்தில் மற்றவற்றுக்கும் போய்விடும். பிறகு ஒரு சனிக்கிழமை நாற்பது பிள்ளைகள் அதன் மேல் வந்து படுக்கிறார்கள். இவ்வளவு நாள் பட்டினி கிடந்த பூச்சிகள். அந்த முதல் இரவு எப்படி இருக்கும்?

தோத்தோவுக்கு உறை போட்டு, ஒவ்வொரு குழுவும் போன பிறகு உறையைக் கழற்றிச் சூடாக உலர்த்த வேண்டும். ஜிப் வைத்து முழுவதும் மூடும் உறையானால் இன்னும் நல்லது. பஞ்சு கிழிந்து வெளியே தெரியும் தோத்தோவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். யாரோ நன்கொடையாகக் கொடுத்தது என்று வைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பூச்சி இருப்பது தெரிந்ததும் நம்மவர்கள் செய்யும் முதல் வேலை, கடைக்கு ஓடி ஸ்ப்ரே வாங்கி மெத்தையெல்லாம் அடிப்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். உலகெங்கும் மூட்டைப்பூச்சி இந்தச் சாதாரண ஸ்ப்ரே மருந்துகளுக்குப் பழகிப் போய்விட்டது. ஒரு காலத்தில் டிடிடிக்கே பழகிய பூச்சி அது. அடித்ததும் கண்ணெதிரே இருக்கும் சில சாகும், மற்றவை அடுத்த அறைக்கு நகரும். மருந்து மட்டும் மெத்தையில் தங்கி, அதில் முகம் புதைத்துத் தூங்கும் பிள்ளையின் மூச்சில் போகும். டிங்கிக்காகப் புகை அடிப்பார்களே, அந்த மாதிரிப் புகையும் இதற்கு உதவாது. இடுக்குக்குள் இருக்கும் பூச்சியை அது எட்டாது. என் மாமியார் கெடா பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், கட்டில் காலை மண்ணெண்ணெய் டப்பாவில் நிறுத்துவார்களாம், கட்டில் இடுக்கில் கொதிநீர் ஊற்றுவார்களாம். கொதிநீர் சரி, சூடு எப்போதும் வேலை செய்யும். மண்ணெண்ணெய், பிள்ளைகள் தூங்கும் அறையில், வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இது முக்கியம். சில பெற்றோர்கள் பிள்ளையின் முகாம் பைக்குள் பீரோவில் போடும் பூச்சி உருண்டையையோ கற்பூரத்தையோ போட்டு அனுப்புகிறார்கள். அது மூட்டைப்பூச்சியைத் தடுக்காது. ஆனால் நம் பிள்ளைகளில் ஜி6பிடி குறைபாடு, அதாவது இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி குறைவாக, உள்ளவர்கள் இருக்கிறார்கள். பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் அதைப் பரிசோதித்து, இருந்தால் அம்மாவிடம் சொல்லி அனுப்புவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நாப்தலின் உருண்டையின் வாடையே இரத்தத்தைச் சிதைக்கக்கூடும். உங்கள் பிள்ளைக்கு அந்தக் குறைபாடு இல்லாமல் இருக்கலாம். பக்கத்துப் படுக்கையில் இருக்கும் பிள்ளைக்கு இருக்கலாமே.

கட்டில் காலுக்கு அடியில் வழவழப்பான பிளாஸ்டிக் கிண்ணம் வைத்தால் பூச்சி அதில் விழுந்து ஏற முடியாமல் மாட்டிக்கொள்ளும் என்று இணையத்தில் நிறையப் பேர் சொல்கிறார்கள். ஐரோப்பா, அமெரிக்கா பக்கம் இருக்கும் இனத்துக்கு அது சரி. நம் நாட்டில் அதிகம் இருப்பது வெப்பமண்டல இனம், சிமெக்ஸ் ஹெமிப்டெரஸ். இதன் காலில் பிடிமானம் அதிகம், வழவழப்பான சுவரிலும் ஏறி வெளியே வந்துவிடும். இதைப் பற்றியெல்லாம் ஆராய்ந்தவர்கள் வெளிநாட்டில் மட்டும் இல்லை. குளுகோரில், எங்கள் கடையிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலேயே நகர்ப்புறப் பூச்சிகளைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ச்சி நடந்திருக்கிறது. பினாங்கில் முகாம் நடத்துகிறவர்கள் அறிவுரை கேட்க வெகுதூரம் போக வேண்டியதில்லை.

முகாம் இடத்தில் பூச்சி இருந்தால் அந்த அறையைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளை வேறிடத்தில் படுக்க வைக்க வேண்டும். மருந்து அடிப்பதை உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்திடம் விட வேண்டும். 1974ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ்தான் அந்த உரிமம் தருகிறார்கள். பணம் செலவாகும், தெரியும். ஒரு தடவை வந்து போனால் போதாது, பொரிக்காமல் இருந்த முட்டைகளுக்காக மறுபடியும் வர வேண்டும். முட்டை பொரிக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அந்தச் செலவைக் கட்டணத்தில் சேர்த்துக் கேளுங்கள், ஐந்து பத்து ரிங்கிட் கூடக் கொடுக்க எந்தத் தாயும் மறுக்க மாட்டாள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அன்றே பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். முகாமுக்கென்று வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வணக்கம், யோகா படம் எல்லாம் வருகிறது. "நேற்று ஓர் அறையில் மூட்டைப்பூச்சி கண்டோம், பிள்ளைகளை மாற்றிவிட்டோம், பையை வீட்டுக்குள் கொண்டு போகும் முன் இப்படிச் செய்யுங்கள்" என்று நாலு வரி போட எவ்வளவு நேரமாகும்? நான் மேலே சொன்ன முகாமில் அந்த நாலு வரி வரவில்லை. சினையான ஒரு பெண் பூச்சி பையில் வந்தாலே போதும், வீட்டில் குடியேறிவிடும். பெருகிக் கண்ணில் படப் பல வாரம் ஆகும். அதற்குள் முகாமே மறந்து போயிருக்கும். அப்படித்தான் ஒரு குடும்பம் மெத்தை, சோபா எல்லாவற்றையும் தூக்கிப் போட்டது. அந்த அம்மா வீடுகளில் வேலை செய்து சம்பாதிப்பவர். வேலை செய்யும் வீட்டுக்கும் கொண்டு போய்விடுவோமோ என்று பயந்து சில நாள் வேலைக்கே போகவில்லை.

அந்த நாலு வரியில் என்ன எழுதலாம் என்பதை டோபிக் கடைக்காரி என்ற முறையில் நானே சொல்லிவிடுகிறேன். பையைப் படுக்கையறைக்குள் கொண்டு போகாதீர்கள், கட்டில் மேலும் சோபா மேலும் வைக்காதீர்கள். வாசலிலேயே, இல்லாவிட்டால் குளியலறையில், துணிகளை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். அப்புறம் எல்லாரும் தவறாகச் செய்யும் இடம் வருகிறது. நாம் துணியை முதலில் துவைப்போம். நம் வீட்டு மெஷின் பச்சைத் தண்ணீரில்தான் ஓடும். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் முட்டை சாகாது. கொல்வது சூடு. ஆகவே துணி காய்ந்திருந்தால், துவைக்கும் முன்னேயே டிரையரில் போடுங்கள், அதிகச் சூட்டில், சூடு ஏறிய பிறகு குறைந்தது 30 நிமிடம். ஈரத் துணியானால் சூடேறவே நேரமாகும், அதனால்தான் காய்ந்த துணியாகப் போடச் சொல்கிறேன். டிரையரைத் திணித்து நிரப்பாதீர்கள். பாதி அளவு போட்டால்தான் நடுவில் இருக்கும் துணிக்கும் சூடு போகும். போர்வை, கைலி, கரடி பொம்மை எல்லாம் இதில் போடலாம். அதற்குப் பிறகு வழக்கம் போலத் துவைத்துக்கொள்ளுங்கள். கொண்டு வந்த பிளாஸ்டிக் பையை மறுபடி பயன்படுத்தாமல் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

பையும் காலணியும் டிரையரில் போடக்கூடியவையாக இல்லாவிட்டால், தையல் ஓரங்களில் வாக்கூம் பிடித்து, நீராவி இருந்தால் அதையும் காட்டி, சில மாதம் கட்டிய பிளாஸ்டிக்குக்குள் வைத்துக் கவனியுங்கள். சின்னப் பொருளானால் கட்டி உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் நாலு நாள் வைக்கலாம். வெயிலில் காரின் உள்ளே கறுப்புப் பையில் வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். மேலே சுடும், பையின் நடுவில் அந்தச் சூடு போய்ச் சேர்ந்ததா என்று யாருக்கும் தெரியாது. நான் அதை நம்புவதில்லை.

முகாமுக்கு அனுப்பும்போதே சில காரியம் செய்யலாம். வெள்ளை விரிப்பு ஒன்று கொடுத்து அனுப்புங்கள், கறை பட்டால் உடனே தெரியும். பையைப் படுக்கை மேலும் கட்டிலுக்கு அடியிலும் வைக்காமல், கட்டிய பிளாஸ்டிக்குக்குள் சுவரிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லுங்கள். முக்கியமாக, அரித்தால் வெட்கப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். திட்டு விழும் என்று மறைக்கும் பிள்ளைகள்தான் அதிகம்.

கடித்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. மூட்டைப்பூச்சி மனிதருக்கு நோய் பரப்புவதாக நிரூபணம் இல்லை. நகத்தை வெட்டிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, காலமைன் தடவினால் பெரும்பாலும் அடங்கும். சொறிந்து சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, முகம் வீங்கினாலோ கிளினிக்குக்குப் போய்விடுங்கள். மூச்சு விடச் சிரமப்பட்டால் நேரே மருத்துவமனைக்கு. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு என்று அரித்துக்கொண்டே இருந்து, வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றினால் அது மூட்டைப்பூச்சியாக இல்லாமலும் இருக்கலாம். விடுதிகளில் பரவும் சொறிசிரங்காக இருக்கலாம். அது தோலுக்குள்ளேயே குடியிருக்கும் வேறொரு உயிரி, அதற்கு வேறு மருந்து, குடும்பமே சேர்ந்து போட வேண்டும். மூட்டைப்பூச்சி உடம்பில் தங்காது; குடித்துவிட்டு இடுக்குக்குத் திரும்பிவிடும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாரக்கணக்கில் பிள்ளையை அவதிப்பட விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு இனி முகாமே வேண்டாம் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் கதையாகிவிடும். நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு முகாம் வேண்டும். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வெளியூர் போய்த் தங்கும் அனுபவம் வேறு எப்படிக் கிடைக்கும்? அதே வசதி குறைந்த வீடுகள்தான் பூச்சி வந்தால் மிகவும் கஷ்டப்படும், புது மெத்தை வாங்கவும் ஆளை அழைத்து மருந்து அடிக்கவும் அவர்களிடம் பணம் இல்லை. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரே, ஆலயப் பொறுப்பாளர்களே, இளைஞர் இயக்கத்தினரே, தங்கும் இடத்துக்கு முன்பணம் கட்டும் முன் அந்த விடுதிக்காரரிடம் கேளுங்கள்: மூட்டைப்பூச்சிக்காகக் கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள், யார் வந்து பார்த்தார்கள், ரசீது இருக்கிறதா? மலாயில் பிஜாட் என்று கேட்டால் அவருக்குப் புரியும். பதில் சொல்லத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

ஆசிரியர் அவர்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறைக்கு முகாம் அறிவிப்பு கொண்டு வருகிறவர்களிடம், படுக்கை வசதி என்ன, அதைப் பார்த்துச் சரிசெய்தவர் யார் என்று கேட்டு, அதையும் ஒரு வரியாகச் சேர்த்து வெளியிடுங்கள். உங்கள் நாளிதழ் கேட்டால் அவர்கள் கட்டாயம் போய்ப் பார்ப்பார்கள்.

நன்றி.

டோபிக் கடை நடத்தும் ஒரு தாய்,
ஜெலுத்தோங், பினாங்கு